ஏஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு சீனம் கற்க முடியுமா? வாங்கலாமா, வேண்டாமா?

சர்வீஸ்_தம்பி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஏர்கான் சர்வீஸ் வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு, பாதிக்கு மேல் தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் பக்கத்து வீவக வீடுகள் (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்). பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள், கதவைத் திறப்பது வயதான சீன ஆன்ட்டியோ அங்கிளோதான். "அண்ணே, கம், கம்" என்று உள்ளே கூப்பிடும்வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் அவர் கோளாறைச் சொல்ல, நான் தலையாட்ட, கடைசியில் மகனுக்கு போன் போட்டு என் காதில் வைப்பார். மகன் மீட்டிங்கில் இருப்பான். தினமும் இந்தக் கூத்துதான்.

சீனம் படிக்க ஆசை. சமூக மன்றத்தில் வகுப்பு இருக்கிறது. ஆனால் அது தொடங்கும் நேரத்தில் நான் கடைசி வீட்டில் ஏணி மேல் நிற்பேன். தங்குமிடம் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடும். குளித்து, சோறாக்கிச் சாப்பிட்டு, வீட்டுக்கு போன் பேசி முடித்தால் புத்தகம் தலையணைக்குத்தான் ஆகும்.

போன மாதம் அறை நண்பனின் மச்சான் ஒரு ஸ்மார்ட் கண்ணாடி, அதாவது ஏஆர் கண்ணாடி கொடுத்தான். பார்த்தால் சாதா மூக்குக்கண்ணாடி மாதிரிதான். எதிராளி பேசினால் அதன் அர்த்தம் பச்சை எழுத்தில் கண் முன்னால் மிதக்கும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, ஆங்கிலத்தில்தான் வரும். "ரெண்டு வாரம் வச்சுப் பாரு, பிடிச்சா 600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்துக்க" என்றான். வேலையோடு வேலையாக மொழியும் ஏறிவிடும் என்று நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஈசூனில் ஒரு ஆன்ட்டி ஏர்கானைக் காட்டி ஏதோ சொல்ல, "குளிரவில்லை, ராத்திரியில் தண்ணீர் சொட்டுகிறது" என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. மகனுக்கு போன் போடாமலேயே டிரெயின் பைப்பைப் பிடித்து உறிஞ்சினேன். ஜெல்லி மாதிரி ஒரு கொத்து அழுக்கு வந்தது, வேலை முடிந்தது. ஆன்ட்டி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டாவது வாரத்தில் இரண்டு விஷயம் நடந்தது. ஒரு வீட்டில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கிள் ஏதோ சொன்னார். "மீதி வேலைக்குப் பத்து மணிக்கு வா" என்று கண்ணாடி காட்டியது. மறுநாள் காலை பத்துக்குப் போய் நின்றேன். மனிதர் கோபமாக இருந்தார். அவர் சொன்னது அன்றைக்கே சாயங்காலம் நாலு மணியாம். என் சூப்பர்வைசரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

அதைவிட இரண்டாவது விஷயம்தான் மனதை உறுத்துகிறது. ஒன்பதாவது நாள் மதியத்தோடு சார்ஜ் போய்விட்டது. தோ பாயோவில் ஒரு ஆன்ட்டி வீடு. "தண்ணீர் ஒழுகுகிறதா?" என்று நானே கேட்க நினைத்தேன். அந்த வார்த்தையை ஒன்பது நாளில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன், அர்த்தமும் கண் முன்னால் வந்திருக்கிறது. ஆனால் நாக்கில் ஒன்றுமே இல்லை! பச்சை எழுத்துதான் ஞாபகம் இருக்கிறது, ஆன்ட்டி போட்ட சத்தம் ஞாபகத்தில் இல்லை.

என் மூளையில் கோளாறா, கண்ணாடியில் கோளாறா? இதைக்கொண்டு யாராவது உண்மையிலேயே மொழி கற்றிருக்கிறீர்களா? 600 வெள்ளி எனக்குச் சின்னப் பணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பொங்கோல்_கோடர் எழுதியது:

உங்கள் மூளை நன்றாக இருக்கிறது. கண்ணாடியும் அதற்குக் கொடுத்த வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது மொழிபெயர்க்கச் செய்த சாமான், சொல்லிக்கொடுக்கச் செய்தது இல்லை.

இந்த ஆசை புதிதும் இல்லை. போன் கேமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் எழுத்து அங்கேயே மாறும் வேர்ட் லென்ஸ் என்ற செயலி 2010லேயே வந்தது. 2014இல் கூகுள் அதை வாங்கி, அடுத்த வருடம் தன் டிரான்ஸ்லேட்டில் சேர்த்துக்கொண்டது. கூகுள் கிளாஸ் 2013இல் 1,500 அமெரிக்க டாலருக்கு வந்து, பெரும்பாடு பட்டு, கடைசியில் 2023இல் தொழிற்சாலைப் பதிப்பும் நின்றது. நடுவில் 2022 மே மாதம் அவர்களே இன்னொரு கண்ணாடியைக் காட்டினார்கள். பேசுவது கண் முன்னால் எழுத்தாக ஓடும், நீங்கள் மாட்டியிருப்பது மாதிரியே. எல்லாவற்றிலும் குறி ஒன்றுதான்: அர்த்தம் சீக்கிரம் வர வேண்டும்.

அந்தச் சீக்கிரம்தான் உங்களுக்கு எதிரி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். நினைவிலிருந்து தோண்டியெடுக்கும் அந்தச் சிரமம் இருந்தால்தான் ஒட்டும். உங்கள் கண்ணாடி தோண்டவே விடவில்லை. என் மனைவி பத்து வருடமாக சப்டைட்டிலோடு கொரியத் தொடர் பார்க்கிறாள். எழுத்தை மறைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொல் என்றால் சண்டைதான் வரும்.

நாலு, பத்து விஷயம்: சீனத்தில் நாலுக்கு "ஸ", பத்துக்கு "ஷ". இங்கே நிறையப் பேர் இரண்டையும் "ஸ" என்றுதான் சொல்வார்கள். வித்தியாசம் சுரத்தில் மட்டும் நிற்கும். நாலு மேலிருந்து கீழே விழும், பத்து கீழிருந்து மேலே ஏறும். பம்ப் இரைச்சலில் அந்தச் சுரம்தான் முதலில் தொலையும். நேரமோ பணமோ பேசும்போது கண்ணாடியை நம்பாதீர்கள், விரலைக் காட்டிக் கேளுங்கள்.

தமிழ் பட்டியலில் இல்லையே என்றும் வருத்தப்படாதீர்கள். சீனத்தில் வினை நடுவில் வரும், நமக்குக் கடைசியில். வாக்கியம் முடியும்வரை அது காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதினதை அழித்து அழித்து எழுதும். ஏணி மேல் நிற்கிறவர் கண் முன்னால் எழுத்து குதித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

காப்பிக்கடை_ராஜா எழுதியது:

என் சூப்பர்வைசருக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். அவர் பேசும் இங்கிலீஷுக்கு.

தோபாயோ_தாத்தா எழுதியது:

தம்பி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடி பற்றி ஒன்றும் தெரியாது, நான் போட்டிருப்பது காட்டராக்ட் செய்த பிறகு கொடுத்தது. ஆனால் நீங்கள் போகிற வீட்டுக்காரர்களைத் தெரியும். அவர்களோடு வளர்ந்தவன் நான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ஆன்ட்டி பேசியது மாண்டரின், அதாவது பொதுச் சீனம்தான் என்று யார் சொன்னது? சிராங்கூன் பக்கம் கம்பத்தில் (கிராமத்தில்) நாங்கள் இருந்தபோது பக்கத்து வீடுகளில் ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ் என்ற வட்டாரச் சீன மொழிகள்தான் காதில் விழும். மாண்டரின் பேசச் சொல்லி அரசாங்கம் இயக்கம் தொடங்கியது 1979இல். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் மாண்டரினுக்கு மாறிவிட்டார்கள். கிழவிகள் பிள்ளைகளோடு மாண்டரின், தங்களுக்குள் ஹொக்கியன், கோபம் வந்தால் கட்டாயம் ஹொக்கியன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலப்பார்கள். உங்கள் கண்ணாடி அங்கே என்ன செய்யும்?

அப்புறம், புத்தக மாண்டரினும் சிங்கப்பூர் மாண்டரினும் ஒன்று இல்லை. ஏர்கானுக்குச் சீனாவில் "கொங் தியாவ்". இங்கே எந்த ஆன்ட்டியும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "லெங் ச்சி" என்பார், குளிர்க் காற்று. சந்தைக்கு "பா ஷா" என்பார்கள், அது மலாய்க்காரர்களின் பாசார். டாக்சிக்கு "தெ ஷி". செயலியில் படித்துவிட்டு வந்து "கொங் தியாவ்" என்று நீங்கள் சொன்னால் ஆன்ட்டிக்குப் புரியும், ஆனால் சீனாவிலிருந்து நேற்று வந்த அண்ணே போல என்று சிரிப்பார்.

இப்போது உங்களுக்கு வேண்டிய வார்த்தைக்கு வருகிறேன். ஒழுகுவது "லோவ் ஷுவெய்". ஷுவெய் என்றால் தண்ணீர். இந்த "லோவ்" மேலிருந்து கீழே விழ வேண்டும், "போ!" என்று நாயை விரட்டுவோமே, அந்த மாதிரி. இதே "லோவ்"வைக் கீழிருந்து மேலே இழுத்து, "ஆங்?" என்று காது கேட்காதவர் கேட்பது போலச் சொன்னால் அது மாடி. நமக்கு வலி, வளி, வழி என்று நாக்கு புரள்கிற மாதிரி அவர்களுக்குத் தொண்டை ஏறி இறங்கும். "மேல்மாடியில் ஒழுகுகிறது" என்றால் "லோவ் ஷாங் லோவ் ஷுவெய்". முதல் லோவ் ஏறும், இரண்டாவது லோவ் விழும். வேனில் உட்கார்ந்து இதை ஐம்பது தடவை சொல்லுங்கள். டிரைவர் திட்டினால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்த எழுத்தையும் ஒரு நாள் நின்று பாருங்கள். வீவக அறிவிப்புப் பலகையில் ஒழுகல் பற்றி ஏதாவது ஒட்டியிருந்தால் அதில் இருக்கும். இடது பக்கம் மூன்று சின்னக் கோடு, அது தண்ணீர். வலது பக்கம் மேலே கூரை மாதிரி ஒன்று. கூரைக்குக் கீழே மழை என்ற எழுத்து, உள்ளே நாலு சொட்டோடு. கூரைக்குள் மழை, பக்கத்தில் தண்ணீர். என் பேத்தி பள்ளியில் மூன்றாம் மொழியாகச் சீனம் எடுத்தபோது அவள் காட்டித்தான் எனக்கே தெரியும். அன்றிலிருந்து அந்த எழுத்து எனக்கு மறக்கவில்லை. கண்ணாடி அந்த எழுத்தை மூடி மேலே "லீக்" என்று எழுதிவிட்டால் எப்படித் தம்பி பார்ப்பீர்கள்?

600 வெள்ளியை ஊருக்கு அனுப்புங்கள்.

வார்டு_அக்கா எழுதியது:

நான் மருத்துவமனையில் தாதி, ஊரிலிருந்து வந்து நாலு வருடம். கேமரா வைத்த கண்ணாடியை வார்டுக்குள் மாட்டவே முடியாது. தம்பி, நீங்களும் யோசியுங்கள். மற்றவர்கள் படுக்கையறையில் நின்று வேலை பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணாடியில் கேமரா இருக்கிறதா இல்லையா என்று அந்த ஆன்ட்டிக்குத் தெரியுமா? மைக் எப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? ஒரு மகன் புகார் கொடுத்தால் வேலைக்கே வேட்டு. கம்பெனியிடம் சொல்லிவிட்டா போட்டீர்கள்?

இன்னொன்று. சீனத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் மலாய் படியுங்கள். அந்தக் காலத்து ஆட்களில் பல சீனர்களுக்கும் சந்தை மலாய் வரும். சுரம் கிடையாது, ரோமன் எழுத்து, பல வார்த்தை நம் வீட்டிலிருந்து போனது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மலாய் மூதாட்டி "தூத்துப் திராய்" என்றார். தூத்துக்குடி காதில் விழுந்து விழித்தேன். பக்கத்து ஸ்டாஃப் நர்ஸ் வந்து திரையை இழுத்து மூடினார். "தூத்துப்" என்றால் மூடு, "திராய்" நம் திரைதான். அப்புறம் பார்த்தால் கட்டில் "காத்தில்", பெட்டி "பெத்தி", மீசை "மிசாய்", கடை "கெடாய்", கப்பல் "காப்பால்", கோயில் "கூயில்". கழுதைகூட "கெல்டாய்". எந்தக் கண்ணாடியும் இதை எனக்குச் சொல்லவில்லை, காதுதான் சொல்லியது.

சர்வீஸ்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கம்பெனியிடம் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பிறகு வயிற்றைக் கலக்கியது. வீடுகளுக்குள் போடுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். என்னுடையதில் கேமரா இல்லை, மைக் மட்டும்தான். ஆனாலும் ஆன்ட்டிக்கு அது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டது சரி.

தாத்தா, வேனில் "லோவ் ஷாங் லோவ் ஷுவெய்" ஆரம்பித்துவிட்டேன். டிரைவர் மலேசியச் சீனர். இரண்டாம் நாளே திட்டினார். மூன்றாம் நாளிலிருந்து அவரே திருத்துகிறார்.

சர்வீஸ்_தம்பி எழுதியது, மூன்று வாரம் கழித்து:

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கண்ணாடியை வாங்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் கடைசி நாலு நாள் கோடர் அண்ணன் சொன்னதை வைத்து ஒரு சோதனை செய்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் காப்பிக் கடையில் உட்காரும்போது மட்டும் மாட்டிக்கொள்வேன், எழுத்து ஓடுவதை அணைத்துவிடுவேன். பக்கத்து மேசையில் உரக்கப் பேசுவார்கள் அல்லவா, அதில் ஒரு வார்த்தையைப் பிடித்து, என்னவாக இருக்கும் என்று நானே ஒன்று நினைத்துக்கொண்டு, டிரைவரிடம் மெதுவாகச் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் கண்ணாடியைத் திறந்து சரிபார்ப்பேன். பத்தில் ஏழு தப்பு. ஆனால் தப்பாக நினைத்த ஏழும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தா பாவ்" என்பது ஏதோ சாப்பாட்டின் பெயர் என்று ஆறு வருடமாக நினைத்திருக்கிறேன், பொட்டலம் கட்டுவது என்று இப்போதுதான் தெரியும். வெட்கக்கேடு.

நாலு நாள் முடிந்ததும் ஒன்று புரிந்தது. டிரைவர் இருக்கும்போது கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை. அவரும் என்னிடம் தமிழில் "ஏணி", "ஸ்பேனர் கொடு" கற்றுக்கொண்டார். "கொடு" அவர் வாயில் "கொது" என்று வருகிறது.

வேனில் இப்போது பாட்டு இல்லை, கேப்பிட்டல் 958 என்ற சீன வானொலி ஓடுகிறது. ஒன்றும் புரியாது. ஆனால் செய்தியில் மணி சொல்லும்போது நாலா பத்தா என்று டிரைவரோடு ஒரு கோப்பிக்குப் பந்தயம். போன வாரம் மூன்று கோப்பி கொடுத்தேன், ஒன்று வாங்கினேன். ராத்திரி மட்டும் நம் தமிழ் வானொலி, ஒலி 96.8.

சார்ஜ் போன அன்று நாக்கு வராமல் நின்ற அதே தோ பாயோ வீட்டுக்கு நேற்று மறுபடி அனுப்பினார்கள். உள்ளே போனதும், "ஆன்ட்டி, லெங் ச்சி லோவ் ஷுவெய்?" என்று கேட்டேன். லோவை நன்றாக விழ வைத்தேன். ஆன்ட்டி ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்ட ஆரம்பித்தார். அதில் பாதி ஹொக்கியன் என்று நினைக்கிறேன், தாத்தா சொன்ன மாதிரியே. எனக்குப் புரிந்தது "இல்லை", "மேல்மாடி", "மகன்", அவ்வளவுதான். ஆனால் விரலால் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே கூரையில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் கறை. ஏர்கான் ஒழுகவே இல்லை, மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இறங்குகிறது. "லோவ் ஷாங் லோவ் ஷுவெய்!" என்றேன். ஆன்ட்டி கை தட்டினார். கூரைக்குள் மழை என்று தாத்தா சொன்ன எழுத்து அப்படியே கண் முன்னால் வந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, ஃபில்டரை மட்டும் கழுவிக் கொடுத்தேன்.

தாத்தாவுக்கு ஒரு கேள்வி. கிளம்பும்போது ஆன்ட்டி கதவு வரைக்கும் வந்து "பான் பான் கியா" என்றார், இரண்டு தடவை. கேட்டதும் டிரைவரிடம் போனில் சொன்னேன். அவர் காண்டனீஸ்காரர், ஹொக்கியன் அரைகுறை. "பான் பான்" என்றால் மெதுவாக என்று மட்டும் சொன்னார். நான் வேலையில் மெதுவாக இருந்தேன் என்று குறை சொல்கிறார் போல. லிஃப்ட் வருவதற்குள் திரும்பிப் போய், "ஸாரி ஆன்ட்டி, அடுத்த தடவை ஃபாஸ்ட்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரியாகத்தானே சொன்னேன்?

தோபாயோ_தாத்தா எழுதியது:

அட தம்பி! "மெதுவாக நட" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது நம் ஆட்கள் "பார்த்துப் போப்பா" என்பார்களே, அது. நீங்கள் "அடுத்த தடவை வேகமாகப் போகிறேன்" என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள்.

சர்வீஸ்_தம்பி எழுதியது:

அய்யய்யோ. மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த வீட்டுக்கு சர்வீஸ் இருக்கிறது. "நீங்களும் நன்றாக இருங்கள்" என்பதற்கு ஹொக்கியனில் என்ன, இப்போதே எழுதிவிடுங்கள் தாத்தா. சுரத்தோடு.